மச்சம்

ஐப்பசி பிறந்தால் நாங்கள் கேட்காமலே எங்கள் தொழிலுக்கு விடுமுறை வந்துவிடும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவனுக்கு மழைதான் முதல் எதிரி. பிளாஸ்டர் மோல்டில் கரைத்த களிமண்ணை ஊற்றினால், மோல்டு அதன் தண்ணீரைக் குடித்து உள்சுவரில் மண் படிய வேண்டும். படிந்தது போக மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவோம். ஈரக்காற்றில் மோல்டு காயாது. காயாத மோல்டு குடிக்காது. அவசரப்பட்டுப் பிரித்தால் பிள்ளையார் கையோடு வருவார், தும்பிக்கை மோல்டோடு நின்றுவிடும். போன கார்த்திகையில் இப்படி நாலு பிள்ளையாரைப் பறிகொடுத்த பிறகு பட்டறையைப் பூட்டினேன். தங்கை மகனையும் பழைய கேமராவையும் காரில் ஏற்றிக்கொண்டு கடல் பக்கம் கிளம்பினேன்.

முதல் படம் ஊரைத் தாண்டும் முன்பே, மணிமுத்தாற்றுப் பாலத்தில். பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு அன்று செந்நிறமாக ஓடியது. பழமலைநாதர் கொடுத்த 12,000 பொன்னைச் சுந்தரர் போட்டது இந்த ஆற்றில்தான். திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று சொன்னவரும் அந்தச் சாமியே. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை எல்லோருக்கும் தெரியும். அதில் பலரும் தாண்டிப்போகும் ஒரு சின்ன விஷயம் உண்டு. போடுவதற்கு முன் அந்தப் பொன்னில் துளி வெட்டி வைத்துக்கொண்டார் சுந்தரர். அதற்கு மச்சம் என்று பெயர். குளத்தில் கிடைத்ததை அதோடு ஒப்பிட்டு உரைத்தபோது மாற்று குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் சரியாயிற்று. உரைத்துச் சொன்னவராக மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் ஆரூரில் இருக்கிறார்.

தம்பிரான் தோழர் என்று பேர் வாங்கியவர், தோழனிடமே சாம்பிள் எடுத்து வைத்துக்கொள்ளலாமா? அது நம்பிக்கைக் குறைவில்லையா? எனக்கு இது வெகுநாள் சந்தேகம். எங்கள் பட்டறை அலமாரியிலும் கடைக்காரர் ஒப்புக்கொண்ட பொம்மை ஒன்று எப்போதும் இருக்கும். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு சரக்கையும் அதன் பக்கத்தில் வைத்து நிறம் பார்ப்போம். சூளை மேல் சந்தேகம் என்று அதற்கு அர்த்தமில்லை. நாலு நாள் போனால் நம் கண்ணே நம்மை ஏமாற்றும், அதற்காகத்தான். நான் படம் எடுப்பதும் அந்த வகைதான் என்று சொல்லிக்கொண்டேன்.

நெய்வேலிச் சாலையில் முந்திரித் தோப்புகள் நனைந்து நின்றன.  

வடலூரில் தருமச்சாலையில் சாப்பிட்டோம். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்றதும் சூளைக்காரனான எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. வள்ளலாரைப் படம் பிடிக்க வந்தவருக்கு வெள்ளாடை மட்டுமே பதிந்தது, உருவம் விழவில்லை என்று அன்பர்கள் சொல்வார்கள். பண்ருட்டிக் குயவர் ஒருவர் அவரை மண்ணில் செய்துகொண்டுவந்து கொடுத்தாராம். வள்ளலார் அதைக் கீழே போட்டுவிட்டார், பொன்னுடம்பு மண்ணாகிவிட்டதே என்று. என் கேமரா, என் தொழில், இரண்டுக்கும் ஒரே ஊரில் அடி! சோறு தொண்டையில் கொஞ்சம் நின்றது. சுந்தரர் வைத்துக்கொண்ட மச்சமும் பொன், போட்டதும் பொன். பொன்னுடம்புக்கு மண்ணில் எப்படி மச்சம் எடுப்பது?

சேத்தியாத்தோப்பு தாண்டியதும் மழை வலுத்தது. சாக்குக் கொங்காணி போட்ட பெண்கள் வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, ஒரே ஒரு படம் எடுத்தேன்.

சிதம்பரத்தில் கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டோம். ஆகாசத் தலம். ரகசியத்தின் திரை விலகியது, தீபம் காட்டினார்கள், திரை விழுந்தது. பிச்சாவரத்தில் படகு விடவில்லை. சுரபுன்னைக் காட்டைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

மூன்று வாரம் கழித்து அந்த வயல் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு வாங்கினேன். என் நினைவில் வானம் கன்னங்கரேல், பத்துப் பன்னிரண்டு பெண்கள், யாரும் தலை நிமிரவில்லை. படத்திலோ சாம்பல் வானம், மூன்றே பெண்கள், அதில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்கு நினைவே இல்லை. சுந்தரருக்குக் குளத்துப் பொன் மாற்றுக் குறைந்து வந்தது. எனக்கு மாற்றுக் கூடி வந்திருக்கிறது, அதுவும் ஒரு கலப்படம்தான். மச்சம் எடுத்தது தப்பில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சுந்தரருக்கும் சந்தேகம் சாமி மேல் இருந்திருக்காது.

சிதம்பரத்துக்குத்தான் உரைத்துப் பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. திரைக்குப் பின்னால் தங்க வில்வ மாலை எத்தனை தொங்கியது என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். "அஞ்சு மாமா, எண்ணினேன்" என்கிறான். நான் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது இருட்டு மட்டும்தான். தை பிறந்து மோல்டெல்லாம் காய்ந்துவிட்டது. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.