லார்ட்ஸுக்குப் போகாத பந்துவீச்சாளர்

தன் தொழிலில் உச்சத்தை எட்டிய ஒருவர், அத்தொழிலே தன் உடலைத் தின்று வருகிறது என்று அறியும்போது என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, வீரத்தைப் போற்றும் சமூகங்கள் தயாராக வைத்திருக்கும் விடை, கடைசிவரை களத்தில் நிற்க வேண்டும் என்பதே. இந்த விடையை ஐயுறுவதற்குப் போதிய காரணங்களைத் தருகிறது, 1899 முதல் 1914 வரை இங்கிலாந்தின் கென்ட் அணிக்குப் பந்துவீசிய கோலின் பிளைத்தின் வாழ்க்கை.

பிளைத் 1879இல் தெற்கு லண்டனின் டெட்ஃபோர்டில் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்து, வுல்விச்சிலிருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பழகியவர். 1897இல் பிளாக்ஹீத் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கச் சென்றபோது, பயிற்சிக்காகச் சில பந்துகள் வீசும்படி அழைக்கப்பட்டார். அவற்றைக் கண்ட கென்ட் பயிற்சியாளர் மெக்கான்லிஸ் அவரைத் தம் அணியின் பக்கம் ஈர்த்துக்கொண்டார். கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் பெயரால் ஆடப்பட்ட அக்காலக் கிரிக்கெட்டில் இரு வகுப்பினர் இருந்தனர்: ஊதியம் பெறாமல் ஆடிய, பெரும்பாலும் வசதி படைத்த அமெச்சூர்கள் ஒருபுறம், ஆட்டக்கூலியால் வாழ்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் மறுபுறம். உடை மாற்றும் அறைகூட இவர்களுக்குத் தனித்தனியாகவே இருந்தது. பிளைத் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவர்.

இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசுவது அவருடைய கலை. வேகப்பந்து வீச்சாளருக்குச் சினம்கூட உதவக்கூடும். மெதுவாக வீசுபவரோ, தம்மை அடித்து நொறுக்கத் துடிக்கும் மட்டையாளரை அவ்வாறே அடிக்க அழைத்து, பந்தைக் காற்றில் சற்றே உயர்த்தி, அவர் எதிர்பார்த்ததற்கு ஓர் அங்குலம் முன்னால் விழச் செய்து ஏமாற்ற வேண்டும். அடிபட்டாலும் அடுத்த பந்தையும் அதே துணிவோடு மேலே எறிய வேண்டும். இதற்கு வேண்டிய நிதானம் மனத்துக்குள் பெரும் விலை கேட்பது. 1907 ஜூன் 1 அன்று நார்தாம்டன்ஷயர் அணிக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 30 ஓட்டங்களுக்குப் பத்து விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 18 ஓட்டங்களுக்கு ஏழையும், ஆக ஒரே நாளில் பதினேழு விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். வயலின் வாசிக்கும் பழக்கமுடையவர் என்பதால் விரல்களின் நுண்மையை இசையோடு இணைத்துப் பேசுவதில் எழுத்தாளர்களுக்கு ஓர் இன்பம் உண்டு. அந்த இன்பத்துக்கு அவ்வளவு மதிப்பளிக்க வேண்டியதில்லை.

வலிப்பு நோய் என்று நெடுங்காலமாகக் குறிப்பிடப்பட்டுவரும் ஒரு நலக்குறைவும், பெரிய ஆட்டங்களில் மிகுந்துவிடும் நரம்புத் தளர்ச்சியும் அவருக்கு இருந்தன. 1907இல் லீட்ஸ் நகரின் ஹெடிங்லியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 99 ஓட்டங்களுக்குப் பதினைந்து விக்கெட்டுகளை எடுத்து இங்கிலாந்துக்கு வெற்றி தேடித் தந்தவர், ஆட்டம் முடிந்தபோது முற்றிலும் சோர்ந்துபோயிருந்தார். 1909இல் எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாவின் இருபது விக்கெட்டுகளையும் அவரும் யார்க்‌ஷயரின் ஜார்ஜ் ஹர்ஸ்டுமே பகிர்ந்துகொண்டனர். பிளைத்தின் பங்கு பதினொன்று. நாடுகளுக்கிடையிலான அடுத்த டெஸ்ட் ஆட்டம் லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில். மருத்துவரின் அறிவுரையை ஏற்று அவர் அதில் ஆடாமல் விலகிக்கொள்ள, இங்கிலாந்து ஒன்பது விக்கெட் வேறுபாட்டில் தோற்றது.

இவ்விலகலை எடைபோடும்போது வகுப்பு வேற்றுமையை மறக்கலாகாது. 1905இல் இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கிய ஸ்டான்லி ஜாக்சன் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் எதற்கும் சென்றதே இல்லை. அமெச்சூரான அவருடைய பெருமை இதனால் சிறிதும் குறைந்துவிடவில்லை. கூலிக்கு ஆடுபவர் விலகினாலோ, கூலியை இழப்பதோடு, நெஞ்சுரம் இல்லாதவர் என்ற பெயரையும் சுமக்க நேரும். அந்நிலையிலும் தம் உடலின் எல்லையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது எளிய செயல் அன்று.

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது பிளைத்துக்கு வயது முப்பத்தைந்து; கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் 1916இல்தான் வந்தது. ஆயினும், முன்பு ஓர் ஆட்டத்தை மறுத்த அதே மனிதர், சக கென்ட் ஆட்டக்காரர்கள் சிலருடன் பொறியாளர் படையில் தாமாகவே சேர்ந்தார். 1917 நவம்பர் 8 அன்று, பெல்ஜியத்தின் பாசன்டேல் அருகே, இருப்புப்பாதைப் பணியில் இருந்தபோது எறிகணை வெடித்து இறந்தார். முதல் முடிவைப் பலவீனம் என்றும் இரண்டாவதைத் துணிவு என்றும் பிரித்துப் படிப்பது வழக்கம். அவ்வழக்கம் ஏற்கத்தக்கதன்று. படையில் சேர்ந்தபோது நண்பர்கள் உடனிருந்தனர், நாடே அத்திசையில் சென்றுகொண்டிருந்தது; லார்ட்ஸை மறுத்தபோது, எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, ஒரு மருத்துவரின் சொல்லை மட்டும் துணையாகக் கொண்டு அவர் தனியே நிற்க வேண்டியிருந்தது.

அவ்விலகல் தப்பியோட்டமும் அன்று. அதே 1909 கோடையில் ஓல்டு டிராஃபர்டு டெஸ்டுக்குத் திரும்பி முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகளை எடுத்தார். அப்பருவம் முழுவதிலும் 215 விக்கெட்டுகளை வீழ்த்த, கென்ட் கவுண்டிப் பட்டத்தை வென்றது. 1910 மார்ச்சில் கேப்டவுனில் ஒரே இன்னிங்ஸில் ஏழு விக்கெட்டுகளை எடுத்து, டெஸ்ட் விக்கெட்டுகளின் எண்ணிக்கை சரியாக நூறாக இருக்க, தம் கடைசி டெஸ்டை ஆடி முடித்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுதான். பிறகும் கென்டுக்குப் பந்துவீசி, போர் மூண்ட 1914ஆம் ஆண்டுப் பருவத்திலும் 170 விக்கெட்டுகளை எடுத்தார்.