பதிவேட்டில் இடம்பெறாத முன்னோர்

அயர்லாந்தின் கிராமப்புறத்தில் தம் குடும்பத்தின் வேர்களைத் தேடுவோர் பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில்தான் வந்து நிற்கின்றனர். 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் மூல ஏடுகளில் பெரும்பகுதி, உள்நாட்டுப் போர் தொடங்கிய 1922 ஜூன் மாத இறுதியில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த அரசு ஆவணக் காப்பகத்தோடு எரிந்து அழிந்தது; 1861 முதல் 1891 வரையிலானவை அதற்கு முன்பே அரசின் ஆணையால் அழிக்கப்பட்டிருந்தன. ஆகவே நாடு முழுமைக்கும் எஞ்சியவற்றுள் மிகப் பழையது 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே ஆகும். ஆங்கிலிக்க மரபைச் சார்ந்த அயர்லாந்துத் திருச்சபையின் ஏடுகள் அரசு ஆவணங்களாகக் கருதப்பட்டமையால் அவற்றில் பலவும் அதே தீக்கு இரையாயின. அரசின் கணக்கில் சேராத கத்தோலிக்க ஏடுகளோ அவ்வப் பங்குகளிலேயே கிடந்து தப்பின. 1880 வரையிலான அவ்வேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் எவரும் கட்டணமின்றிக் காணும்படி இணையத்தில் வெளியிட்டது.

ஆனால் அந்த ஏடு வம்சாவளிக்காக எழுதப்பட்டதன்று. நாள், பல இடங்களில் இலத்தீன் வடிவில் குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், சில வேளைகளில் ‘டவுன்லேண்ட்’ எனப்படும் மிகச் சிறிய நிலப்பிரிவின் பெயர் ஆகியவற்றைக் குருவானவர் குறித்து வைத்தது, ஓர் ஆன்மா திருச்சபைக்குள் ஏற்கப்பட்டது என்பதற்குச் சான்றாகவே. அதனால்தான் பிறப்பை ஒட்டிய ஞானஸ்நானம் கவனமாக எழுதப்பட்ட பங்குகளிற்கூட அடக்கப் பதிவேடு அரிதாகவே காணப்படுகிறது. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். நாடு முழுவதும் இறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியதோ 1864இல்தான். கார்க் மாவட்டத்து ஸ்கிபரீன் ஊருக்கு அருகில் அபிஸ்ட்ரூரியின் பொதுக் குழிகளில் எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை கிடப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பலர் எந்த ஏட்டிலாவது இருந்தால், ஞானஸ்நானம் பெற்ற குழந்தையாக மட்டுமே இருப்பர்.

அந்த ஓர் இடமும் மறுக்கப்பட்டவர்கள் உண்டு. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தையின் மீது ஜென்மப் பாவம், அதாவது ஆதாம் வழியாக மனித குலம் முழுவதையும் பற்றிய பாவம், நீங்காமல் நிற்கிறது என்று கொண்ட அகுஸ்தீனார், அக்குழந்தைக்கு மிக மெல்லியதாயினும் தண்டனை உண்டு என்றார். அக்கருத்தின் கடுமையைத் தணிக்க முயன்ற இடைக்கால இறையியலாளர், இறைவனை நேரில் காணும் பேறு இல்லாவிடினும் துன்பமுமற்ற ‘லிம்போ’ என்னும் நிலையைக் கற்பித்தனர். லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்படவில்லை. ஆயினும் அதன் நிழல் மண்ணில் விழுந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஞானஸ்நானம் பெறாது இறந்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அயர்லாந்துக் கிராமங்கள் இத்தகைய குழந்தைகளைக் ‘கில்லீன்’ என்னும் தனி இடங்களில் புதைத்து வந்தன. கைவிடப்பட்ட பழங்கோயில் வளாகம், வட்டவடிவ மண்கோட்டை, இரு டவுன்லேண்டுகளின் எல்லை, கடலோரம் எனப் பயிர் செய்யப்படாத ஒதுக்கிடங்களே அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இருட்டிய பின், குருவானவர் இன்றி, தந்தையோ உறவினரான ஆண்களோ உடலைச் சுமந்து சென்று புதைத்து, செதுக்காத சிறு கல் ஒன்றை நட்டுத் திரும்புவர். தாய் பெரும்பாலும் உடன் செல்வதில்லை. மேற்குக் கரையின் மேயோ, கால்வே, கெரி மாவட்டங்களில் இவ்விடங்கள் மிகுதி.

இங்கே எழும் கேள்வி தத்துவத்தின்பாற்பட்டது: இக்குழந்தைகள் முன்னோர் ஆவரா? வம்சாவளியின் தர்க்கம் ஆகார் என்றே சொல்லும். சந்ததியை விட்டுச் சென்றவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. கடல் கடந்து குடியேறியவரின் கொள்ளுப்பேரன் பின்னோக்கி வரையும் கோடு தன்னிடம் வந்து முடியும் கோடு மட்டுமே, ஆகையால் அவன் தேடுவது இறந்தோரை அன்று, தன்னையே என்று கூறினாலும் தவறாகாது. கத்தோலிக்க மரபு இறந்தோருக்கு ஆற்றும் கடமையை வேறொன்றின்மீது நிறுத்தியது. வாழ்வோரும், உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறுவோரும், விண்ணகத்தாரும் ஒரே உடலின் உறுப்புகள் என்னும் ‘புனிதர்களின் சமூக உறவு’ அதன் அடித்தளம். அதில் இரத்த உறவுக்குத் தனி உரிமை இல்லை. நவம்பர் 2ஆம் நாளன்று சகல ஆத்துமாக்களையும் நினைவுகூரும் அயர்லாந்துப் பங்குகளில், இறந்தோரின் பெயர்களைத் தாளில் எழுதி அம்மாதம் முழுவதும் பீடத்தில் வைப்பது வழக்கம். அத்தாளில் எழுதப்படாதோருக்கும் அதே வேண்டுதல் ஏறெடுக்கப்படுகிறது. பெயர் வாழ்வோரின் நினைவுக்குத் துணையேயன்றி இறைவனுக்குத் தேவையன்று என்பதே இதன் பொருளெனில், பெயரில்லாத குழந்தையை விலக்கிய வழக்கம் அம்மரபின் ஆழமான நம்பிக்கைக்கே முரணானது என்று துணிந்து சொல்லலாம்.

1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்த குழந்தைக்குத் திருச்சபை அடக்கம் அளிக்க ஆயர் அனுமதிக்கலாம் என்றது. வத்திக்கானின் அனைத்துலக இறையியல் குழு 2007இல் வெளியிட்ட ஆவணம், இக்குழந்தைகள் மீட்படைவர் என நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்றும், அதனை உறுதியான அறிவாகக் கொள்ள இயலாது என்றும் கூறியது. பல கில்லீன்கள் இன்று வேலியிடப்பட்டு மந்திரிக்கப்பட்டும் உள்ளன. இவை வேண்டியவையே, ஆயினும் குழந்தையின் மறுமை பற்றிய நம்பிக்கை, தாய்க்கு இம்மையில் இழைக்கப்பட்ட அநீதியைத் தீர்த்துவிடாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பும் இறையியல் ஆறுதலாகத் தோன்றினும் நேர்மையானதன்று.

வம்சாவளி ஆய்வாளரின் பொறுப்பும் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று வந்த குடும்பத்தில் திடீரென நான்கைந்து ஆண்டு இடைவெளி தெரிந்தால், அங்கே ஓர் இழப்பு இருந்திருக்கலாம். தந்தை வேலை தேடி இங்கிலாந்து சென்றதும், ஏட்டின் பக்கம் கிழிந்ததும் அதே இடைவெளியைத் தோற்றுவிக்கும். ஏடு மட்டுமே இதைத் தீர்க்காது. வயலின் மூலையில் உழப்படாமல் விடப்பட்ட துண்டு நிலம் ஏன் விடப்பட்டது என்பதை அந்த டவுன்லேண்டின் முதியோர் அறிவர். கில்லீன்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் பயன்பட்டமையால், அங்கே புதைக்கப்பட்டோரின் உடன்பிறந்தார் சிலர் இன்னும் உயிரோடு உள்ளனர். அவர்களுக்கு இது முன்னோரைத் தேடும் முயற்சியன்று, தம்பியையும் தங்கையையும் பற்றிய கேள்வி.