எச்சரித்தேன் என்று சொன்னால் போதுமா?

2022 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் பெரியம்மா 3,800 வெள்ளியைப் பறிகொடுத்தார். வீடு கழுவ ஆள் அனுப்புகிறோம் என்று முகநூலில் ஒரு விளம்பரம். வாட்ஸ்அப்பில் பேசினார். அவர்கள் ஒரு செயலியை அனுப்பி, "இதுல பதிவு பண்ணுங்க, முன்பணம் 5 வெள்ளிதான்" என்றார்கள். உள்ளே போனால் வங்கிப் பக்கம் மாதிரியே ஒரு பக்கம். பெரியம்மா கடவுச்சொல்லைப் போட்டார். வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிய டேக் எண்ணை அந்தச் செயலியே எடுத்துக்கொண்டது. மறுநாள் கணக்கில் மிச்சம் இருந்தது 12 வெள்ளி.

இந்த மாதிரி கதை உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். நான் எழுத வந்தது திருடனைப் பற்றி அல்ல. அவன் செய்தது பாவம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குத் தூக்கம் கெட்டது கைப்பேசியை நினைத்துத்தான்.

ஏனென்றால் கைப்பேசி எச்சரித்தது. கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலியை ஆண்ட்ராய்டு சும்மா உள்ளே விடாது. முதலில், வாட்ஸ்அப் வழியாக வரும் செயலிகளை நிறுவலாமா என்று கேட்கும், அமைப்புகளுக்குள் போய் நாமே ஒரு சுவிட்சைத் தட்டவேண்டும். பிறகு நிறுவவா என்று கேட்கும். அப்புறம் உங்கள் எஸ்எம்எஸ்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா என்று கேட்கும். பெரியம்மா எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி என்று அழுத்தியிருக்கிறார்.

"படிக்கவே இல்லையாம்மா?" என்று அண்ணன் கத்தினார். பெரியம்மா சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "எதைத் தொறந்தாலும் அப்படித்தான்யா வருது. அழுத்தலன்னா ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது." வங்கிக்குப் போனோம். நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்களே என்றார்கள். அன்றைக்கு நானும் வங்கி சொன்னது நியாயம்தான் என்று நினைத்தேன். சொல்லிட்டாங்க, கேட்கல, அவ்வளவுதானே?

இப்போது நான் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்கள் குழு கோப்புகளைப் பூட்டி அனுப்பும் ஒரு மென்பொருளைச் செய்கிறது. திரைகளை எழுதும் வேலை என்னுடையது. கோப்பை அனுப்பியவரின் சாவியைச் சரிபார்க்க முடியாவிட்டால் என்ன காட்டுவது? "கையொப்பச் சரிபார்ப்பு தோல்வி. தொடரவா?" என்று எழுதி, கீழே இரண்டு பட்டன் வைத்தேன். பக்கத்தில் இருந்த தோழி, "யாராவது தெரியாம தொடர்ன்னு அழுத்திட்டா?" என்றாள். "அது அவங்க பிரச்சினை லா, நாம சொல்லிட்டோம்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே வங்கியின் குரல் என் வாயிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

அன்றிரவு மகாபாரதத்தின் துரோணர் நினைவுக்கு வந்தார். அசுவத்தாமன் செத்துவிட்டான் என்று தருமர் சத்தமாகச் சொன்னார். செத்தது யானை என்பதை மட்டும் காதில் விழாத மாதிரி சொன்னார். அந்த நேரம் பார்த்துக் கண்ணன் சங்கை ஊதினான் என்று நம் கோயில் கதைகளில் கேட்டிருப்போம். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் தருமர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பூமியைத் தொடாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த அவர் தேர் அன்றைக்குத் தரையில் இறங்கியது. கேட்பவர் என்ன புரிந்துகொள்வார் என்று தெரிந்துகொண்டே சொன்னதற்கு அந்தத் தண்டனை. தருமராவது ஒரு போரில் வெல்லத் தவித்தார். நான் மதிப்பெண்ணுக்காக எழுதினேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1883இலேயே கெர்க்காஃப்ஸ் என்பவர் இராணுவ ரகசிய எழுத்துக்கு ஆறு நிபந்தனைகள் வைத்தார். ஆறாவது, அதைப் பயன்படுத்துவது சுலபமாக இருக்கவேண்டும் என்பது. 1999இல் அமெரிக்காவில் அல்மா விட்டன், டைகர் என்ற இருவர் 12 பேரை உட்காரவைத்து, பிஜிபி 5.0 என்ற மென்பொருளால் மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பச் சொன்னார்கள். 90 நிமிடம் கொடுத்தும் மூன்றில் ஒரு பங்கினரால்தான் சரியாகச் செய்ய முடிந்தது. 3 பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். பூட்டு என்னவோ உறுதியான பூட்டுதான். எங்கள் விரிவுரைகளில் பூட்டின் கணக்குக்குப் பல வாரம் ஒதுக்குகிறார்கள். திரைக்கு ஒரே ஒரு வகுப்பு, அதுவும் கடைசி வாரம், பாதிப் பேர் வரவில்லை.

அப்படியானால் பெரியம்மா மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. முகம் தெரியாதவன் காட்டிய பக்கத்தில் கடவுச்சொல்லைப் போட்டது அவர் கை. விவரம் தெரியாதவர் என்று சொல்லி அவரைக் குழந்தையாக்கவும் எனக்கு மனசில்லை, தனியாளாய் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். ஆனால் தப்பைப் பங்கு போடும்போது, யாருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று பார்க்கவேண்டாமா? எஸ்எம்எஸ்ஸைப் பார்க்க விடுவதும் டேக் எண்ணைக் கொடுப்பதும் ஒன்றுதான் என்பது செயலி எழுதுபவனுக்குத் தெரியும். அந்தத் திரையில் அது இல்லை. போதாக்குறைக்குக் கைப்பேசி ஆங்கிலத்தில் இருந்தது. வாங்கிக் கொடுத்த அன்றைக்கு அண்ணனோ நானோ, தமிழில் மாற்றித் தரட்டுமா என்று கேட்கவே இல்லை. அதனால் இந்தப் பங்கில் எங்கள் பெயரும் வரும்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டால்? அண்ணன் அதைத்தான் செய்தார். பெரியம்மாவின் இணைய வங்கிக் கணக்கையே மூடிவிட்டார். இப்போது மின்கட்டணம் கட்டவும் அவர் அண்ணனுக்காகக் காத்திருக்கிறார். பணம் பத்திரமாக இருக்கிறது, ஆள்தான் முன்பு மாதிரி இல்லை. அதையும் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் என் திரையை மாற்றி எழுதினேன். "இந்தக் கோப்பை அனுப்பியவர் உண்மையில் அவர்தானா என்று தெரியவில்லை. வேறு யாரோ அவர் பெயரில் அனுப்பியிருக்கலாம். திறக்கும் முன் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்." 'திறக்காதே' என்ற பட்டன் பெரிதாக, 'திற' சிறிதாக. வார இறுதியில் ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் மடிக்கணினியை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். எதையும் அழுத்தவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"யாருன்னே தெரியலன்னா," என்றார், "அப்புறம் ஏன்யா தொறக்கறதுக்கு ஒரு பட்டன் வச்சிருக்க?"

அவசரத்துக்கு வேண்டியிருக்கும், சாவி மாறியிருக்கும், முடிவு ஆளுடையதாக இருக்கவேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன். தலையாட்டிவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார். அடுத்த வாரம் ஒப்படைக்கவேண்டும். அந்தச் சின்ன பட்டன் இன்னும் அங்கேதான் இருக்கிறது.