இரண்டு வார வீடு

குட்டி போடுவதற்காகவே கூண்டில் வைத்திருந்து, வயதானதும் யாரோ தெருவில் விட்டுப்போன பொமரேனியன். பாதிப் பல் இல்லை. மூன்று நாள் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. நான்காம் நாள் தயிர்சாதம் வைத்துவிட்டு வேறுபக்கம் திரும்பி உட்கார்ந்தேன், வந்து சாப்பிட்டது. இப்போது நான் குளிக்கப் போனாலும் கதவோரம் படுத்துக்கொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தத்தெடுப்பவர்கள் வருகிறார்கள். நல்ல குடும்பம்தான்.

மகாபாரதத்தில் தருமன், கூடவே வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கம் வேண்டாம் என்கிறான். நான் விட்டுவிடுவதாக ஒத்துக்கொண்டுதான் கூட்டியே வந்தேன். "இதை நீயே வெச்சுக்கிட்டா அடுத்ததுக்கு எடம் ஏது?" என்கிறாள் அக்கா. கணக்கு சரி. அது எனக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாதே. மனுஷனை நம்பலாம் என்று பழக்கியது நான். கார் கிளம்பும்போது அதன் கண்ணுக்கு, தெருவில் விட்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அனுப்பத்தான் போகிறேன். துரோகமே இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டேன். பழைய டி-ஷர்ட் ஒன்றைத் துவைக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன், கூடக் கொடுத்தனுப்ப.