கம்பத்து வீட்டில் கடல் முள்ளெலி

தேனியிலோ கம்பத்திலோ ஒரு வீட்டு வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைப்பது இன்று பெரிய காரியமில்லை. உப்புக் கலவை பாக்கெட்டில் கிடைக்கிறது. உயிர்கள் ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில் பார்சலாக வந்து சேர்கின்றன. பாசியை மேய்ந்து தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லி விற்கப்படும் உயிர்களில் கடல் முள்ளெலியும் ஒன்று. அதில் நஞ்சுள்ள இனங்களும் உண்டு. அவற்றை வளர்ப்பது சரியா என்ற கேள்வி எழும்போதெல்லாம், 'கையை வைக்கப் போவது நான்தானே, குத்தினால் எனக்குத்தானே' என்ற பதிலே முதலில் வருகிறது. வயது வந்தவர் தன் உடலுக்கு ஆபத்தைத் தேடிக்கொள்வது அவர் விருப்பம் என்பது நியாயம்தான். ஆனால் இங்கே ஆபத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், சுமப்பவர்கள் வேறு பலர். இந்தப் பழக்கத்தை ஏற்க முடியாமல் செய்வது அதுவே.

அந்த ஆபத்து எத்தகையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் டயடிமா செட்டோசம் என்ற கறுப்பு முள்ளெலிக்கு ஊசி போல நீண்ட, உள்ளே குழலான முட்கள். உச்சியில் ஆரஞ்சு நிற வளையமும், சுற்றிலும் ஐந்து வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும். மேலே நிழல் விழுந்தால் போதும், முட்களை அந்தப் பக்கம் திருப்பி அசைக்கும். குத்திய முள் தோலுக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். வலி கடுமையாக இருந்தாலும் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. பூ முள்ளெலி எனப்படும் டாக்ஸோப்னூஸ்டெஸ் பைலியோலஸ் அப்படியல்ல. அதன் நஞ்சு முள்ளில் இல்லை; பூவிதழ் போல விரிந்து நிற்கும் சின்னஞ்சிறு கிடுக்கிகளில் இருக்கிறது. 1930-ல் ஜப்பானிய ஆய்வாளர் ஃபுஜிவாராவின் விரலில் அத்தகைய ஏழெட்டுக் கிடுக்கிகள் கவ்வின. மூச்சுத் திணறி, உதடும் நாக்கும் இமையும் மரத்து, பேச்சுக் குழறியதாக அவரே பதிவு செய்திருக்கிறார். தொட்டிக்குள் அது பார்ப்பதற்கு அழகான பூ. குழந்தையின் கை முதலில் அதை நோக்கித்தான் போகும்.

கம்பம் பள்ளத்தாக்கில் நாகமும் கட்டுவிரியனும் திராட்சைத் தோட்டத்திலும் வயலிலும் திரிகின்றனவே, அவற்றோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம் என்று கேட்கலாம். கேள்வி சரியானது, பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. பாம்பை யாரும் விலை கொடுத்து வரவேற்பறைக்குக் கொண்டுவரவில்லை. பாம்புக்கடிக்கு அரசு மருத்துவமனையில் மருந்து இருக்கிறது, கொடுத்துப் பழகிய மருத்துவர்களும் இருக்கிறார்கள். கடல் முள்ளெலி நஞ்சுக்கு முறிமருந்தே கிடையாது. தாங்கக்கூடிய சூட்டு நீரில் முக்கி வைத்து வலியைத் தணிப்பது, முள்ளை எடுப்பது, மூச்சைக் கண்காணிப்பது, அவ்வளவுதான் சிகிச்சை. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் ஊரில் இப்படியொரு காயத்தை மருத்துவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். தொட்டியைத் துடைக்கும் வேலைக்கார அம்மாவும், மோட்டாரைச் சரிபார்க்க வரும் எலக்ட்ரீஷியனும், விடுமுறைக்கு வந்த அக்கா பிள்ளையும் இந்த ஆபத்துக்குச் சம்மதம் சொன்னவர்கள் அல்லர். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

சம்மதம் கேட்கப்படாதவர்களில் அந்த உயிரும் ஒன்று. முள்ளெலிக்கு மூளை இல்லை, வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம்தான் உண்டு, ஆகவே அதற்குத் துன்பமே இல்லை என்பார்கள். நிழலைக் கண்டு முள் திருப்பும் உயிரைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. துன்பத்தை விட்டுவிட்டாலும் சாவு இருக்கிறது. நீரின் உப்பு அளவு மாறினால் தன் உடலுக்குள் அதைச் சரிசெய்துகொள்ளும் திறன் முள்ளெலிக்கு இல்லை. கோடையில் தொட்டி நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறும். நல்ல தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் சட்டென்று இறங்கும். நீண்ட மின்வெட்டில் ஆக்சிஜன் குறையும். புதிய தொட்டியில் மேய்வதற்குப் பாசி போதாது. அது வாடும்போது முட்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து தரையில் கிடக்கும். சாகட்டும், இன்னொன்று வாங்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த இன்னொன்று கடலிலிருந்து வர வேண்டும். ஒன்றிரண்டு போனால் கடலுக்கு என்ன குறை என்பவர்கள் கரீபியன் கடலைப் பார்க்கலாம். 1983-ல் பனாமா அருகே தொடங்கிய நோயில் அங்கிருந்த டயடிமா முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மடிந்தன. மேய ஆளில்லாமல் பாசி பவளத்தை மூடியது. ஜமைக்கா திட்டுகளில் எழுபதுகளின் இறுதியில் பாதிக்கு மேல் இருந்த உயிர்ப்பவளம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐந்து சதவீதத்துக்கும் கீழே போயிற்று. புயலும் மிகையான மீன்பிடிப்பும் அதில் பங்கு வகித்தன. முள்ளெலியின் அழிவு அந்தச் சரிவை முடித்து வைத்தது. தொட்டி வியாபாரம் நோயளவு அழிவைச் செய்யாது என்பது உண்மை. ஆனால் மன்னார் வளைகுடாவின் பவளம் ஏற்கெனவே பல ஆண்டு வெட்டியெடுப்பையும், கடல்நீர் சூடேறிய வெளுப்பையும் தாங்கி நிற்பது. அங்கிருந்து பாசி மேய்ப்பவனை எடுத்து, நூறு லிட்டர் கண்ணாடிக்குள் பாசி மேய விடுவதில் என்ன நியாயம்? 2001-ல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளமும் கடற்குதிரையும் கடல் அட்டையும் சேர்க்கப்பட்டன; முள்ளெலியின் பெயர் அப்போது சேரவில்லை. சட்டம் சொல்லாத இடத்தில் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

கடலையே காணாத மலையடிவாரப் பிள்ளைகளுக்குத் தொட்டி கடலைக் காட்டுகிறதே என்பது இந்தப் பழக்கத்தின் ஆதரவாளர்கள் சொல்வதில் மிக வலுவானது. அந்த ஆசை மதிக்கத்தக்கது. அதற்கு வழியும் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. கடலிலிருந்து எடுக்காத, கையைக் கடித்தாலும் கேடு செய்யாத மீன் அது. கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பும் தேனிக்காரரே, இது எங்கே பிறந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பொரிப்பகத்தில் பிறந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாத எதையும் வாங்காதீர்கள். நஞ்சுள்ள முள்ளெலியை எந்த நிலையிலும் வாங்காதீர்கள்.