முயலகன் மீது ஊன்றிய பாதம்

கொடைக்கானல் மலையடிவாரத்தில், மாந்தோப்புகளை ஒட்டி இருக்கிறது கெங்குவார்பட்டி. இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு பிள்ளைக்குக் கை கால் இழுத்து வாயில் நுரை தள்ளினால் குடும்பம் இரண்டு திசையிலும் ஓடும். ஒன்று பெரியகுளம் அரசு மருத்துவமனை. அங்கிருந்து எழுதிக்கொடுத்தால் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி. இன்னொன்று தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சி அம்மன், அல்லது குலதெய்வக் கோயில். திருநீறு, மந்திரித்த கயிறு, ஒரு நேர்த்திக்கடன். இரண்டு ஓட்டமும் ஒரே வாரத்தில் நடக்கும், அதில் யாருக்கும் முரண் தெரியாது. ஃபிட்ஸ் நின்று ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆன பிறகுதான் முரண் தலைகாட்டும். "அம்மன் கண்ணத் தொறந்துட்டா, இனி மாத்திரை எதுக்குத்தா?" என்று அப்பத்தா கேட்பார். டாக்டரோ, கேட்காமல் நிறுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

அப்பத்தாவின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமாகாது. உண்மையான ஒரு சமயக் கேள்வி அதற்குள் இருக்கிறது. தெய்வம் குணமாக்கியது என்றால், குணமானவர் நாள்தோறும் மாத்திரையை நம்பி இருக்கலாமா? விடாமல் மாத்திரை சாப்பிடுவது அம்மன் மேல் வைத்த நம்பிக்கையில் குறை வைப்பதாகுமா? பதில் தேடுவதற்கு முன் அந்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்பால் செய்தி கடத்துகின்றன. அணுவின் மேல்சவ்வில் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. அவை திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால் ஒரு துடிப்பு எழும். உடனே வாயில் அடைபட்டு, சற்று ஓய்ந்து, அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அணுக்களைத் தூண்டச் சில வேதிப்பொருள்கள் உண்டு. அடக்க காபா என்ற வேதிப்பொருள் உண்டு. தூண்டலும் அடக்கலும் சமனாக இருக்கும்வரை பேச்சும் நடையும் நினைவும் ஒழுங்காக ஓடும். சமன் குலைந்து, பெருந்தொகை அணுக்கள் ஒரே நேரத்தில் ஓய்வில்லாமல் துடிக்கத் தொடங்கினால் அதுவே வலிப்பு.

ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்றவை அந்தச் சோடியம் வாயிலைப் பிடிக்கின்றன. எந்த வாயிலையும் கண்டபடி பிடிப்பதில்லை. துடித்து அடைபட்ட நிலையில் இருக்கும் வாயிலோடு ஒட்டிக்கொண்டு, அது மறுபடி தயாராகும் நேரத்தை நீட்டுகின்றன. நிதானமாகத் துடிக்கும் அணுவுக்கு இதனால் பெரிய இடையூறு இல்லை. வெறிகொண்டு துடிப்பதற்குத்தான் தடை. மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை பள்ளிக்கூடம் போவதும் பாடம் படிப்பதும் சாமி கும்பிடுவதும் இதனால்தான் முடிகிறது. ஃபீனோபார்பிட்டோன், குளோபசாம் இரண்டும் காபாவின் அடக்கும் வேலைக்குத் துணை நிற்கின்றன. பின்னால் வந்த லெவெடிராசிட்டம் வேறு வழியில் போகிறது. நரம்பு முனைகளில் வேதிப்பொருளைச் சுமந்திருக்கும் நுண்பைகளின் ஒரு புரதத்தோடு இணைந்து செயல்படுகிறது. 1912-இல் ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மான் வலிப்புக்கு உதவும் என்று கண்டறிந்த ஃபீனோபார்பிட்டோன் நூறாண்டு கடந்தும் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. விலையும் மிகக் குறைவு.

இந்த மருந்துகள் எதுவும் வலிப்பின் வேரைப் பிடுங்குவதில்லை. பிறக்கும்போது மூச்சு முட்டியதால் பட்ட காயமோ, தலையில் அடிபட்ட தழும்போ, மரபணுவில் வந்த கோளாறோ அப்படியேதான் இருக்கும். இரத்தத்தில் போதிய அளவு இருக்கும்வரை மருந்து வலிப்பை வரவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். லெவெடிராசிட்டத்தில் பாதி ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். அதனால்தான் காலையும் இரவும் சாப்பிடச் சொல்கிறார்கள். ஃபீனோபார்பிட்டோனில் பாதி வெளியேற நான்கு நாள் அளவுக்கு ஆகும். ஃபெனிடாயினுக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஓர் அளவுக்கு மேல் திணறிவிடும். பிறகு மாத்திரையைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் அளவு மளமளவென்று ஏறி நடை தள்ளாடும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் ஈறு தடிப்பதும் உண்டு. எந்த மருந்தானாலும் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்தது முன்னைவிட மூர்க்கமாகக் கிளம்பலாம். ஒரு வலிப்பு முடியுமுன் அடுத்தது தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்பத்தாவின் யோசனையில் டாக்டர் அஞ்சுவது இதற்காகத்தான்.

நம்பிக்கை எதிர்பார்ப்பது ஒரே தரத்தில் முடிகிற அற்புதம். மருந்து தருவது நாள்தோறும் புதுப்பிக்க வேண்டிய காவல். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்ச் சைவம் இந்த நோயை நன்றாக அறியும். திருச்சிக்கு அருகே கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருவாசிக்குத் தேவாரத்தில் திருப்பாச்சிலாச்சிராமம் என்று பெயர். கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகளை முயலகன் என்ற நோய் பீடித்தது. வலிப்பைத்தான் அப்படிச் சொன்னார்கள். எதிலும் தீராமல் போகவே, மகளைக் கோயிலுக்குக் கொண்டுவந்து இறைவன் முன்னால் கிடத்தினான். அங்கே வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, பெண் எழுந்தாள் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். நடராசர் காலடியில் கிடக்கும் அசுரனுக்கும் முயலகன் என்றுதான் பெயர். அந்தக் கோயிலின் நடராசர் காலடியில் அவன் கிடையாது. பாம்பின் மேல் நின்று ஆடுகிறார். நோய் போய்விட்டது, முயலகனும் போய்விட்டான்.

மற்ற நடராசர் சிலைகளைப் பாருங்கள். ஊன்றிய வலது பாதத்தின் கீழே முயலகன் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான். பெரும்பாலான செப்புத் திருமேனிகளில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே கிடக்கிறான். உலகையே ஆட்டிவைக்கும் இறைவனுக்கு அவனைக் கொல்வது பெரிய காரியமா? ஆனாலும் கொல்லவில்லை, அழுத்தி வைத்திருக்கிறார். சைவ சித்தாந்தம் இதற்கு ஒத்த ஒரு கருத்தை வலுவாகவே சொல்கிறது. உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலம் என்ற மாசு முத்தியிலும் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்பது அதன் நிலை. விடுதலை பெற்ற உயிரிடத்திலும் அடங்கிய பகை ஒன்று இருக்கிறது. அதனால் விடுதலைக்குக் குறைவில்லை.

திருவாசியின் நடராசரும் மற்ற ஊர்களின் நடராசரும் வலிப்பு நோயின் இரண்டு முடிவுகளை அப்படியே காட்டுகிறார்கள். சிலருக்கு நோய் உண்மையிலேயே விலகிவிடும். நாடாப்புழுவின் முட்டை உணவோடு வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டியாக உட்கார்ந்து வலிப்பைத் தருவது நம் நாட்டில் அதிகம். ஸ்கேனில் தெரியும் இந்தச் சிறு கட்டிகளை ஒரு காலத்தில் காசநோய்க் கட்டி என்றே நினைத்தார்கள். பெரும்பாலும் இவை புழுக்கட்டிகளே என்று காட்டியதில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. கட்டி கரைந்துவிட்டால் பலருக்கும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். வேறு காரணத்தால் வருகிற வலிப்பிலும், இரண்டு வருடம் ஃபிட்ஸ் இல்லாமல் இருந்தால் டாக்டர்கள் குறைப்பதைப் பற்றி யோசிப்பார்கள். குறைப்பதும் மாதக்கணக்கில் நடக்கும். இன்னும் பலருக்கோ மாத்திரை ஆயுளுக்கும் தொடரும். அவர்கள் திருவாசிக்காரர்கள் இல்லை. காலடியில் முயலகனை அழுத்தி வைத்துக்கொண்டே நடமாடுகிறவர்கள். அவர்களிடம் போய், உனக்கு அருள் குறைவு என்று சொல்ல நம் கோயில்களில் ஆதாரம் இல்லை.

தினமும் என்பதும் கோயிலுக்குப் புதிதா? தேவதானப்பட்டியில் அம்மனின் கதவைத் திறப்பதே இல்லை. அடைத்த கதவுக்குத்தான் பூசை. நேற்று பூசை நடந்ததே, இன்று எதற்கு என்று எந்தப் பூசாரியும் கேட்டதில்லை. சர்க்கரைக்கும் இரத்தக்கொதிப்புக்கும் அரசு ஊழியர்கள் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். சர்க்கரை மாத்திரை விழுங்குகிறவரைப் பார்த்து உன் தெய்வம் கைவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. வலிப்புக்காரரிடம் மட்டும் அந்தக் கேள்வி வருகிறது. காரணம், வலிப்பு பார்ப்பவரை மிரட்டுகிறது. யாரோ உள்ளே புகுந்து ஆட்டுவது போலத் தெரிகிறது.

சாமியாட்டத்துக்கும் வலிப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஊர்க்காரர்களே பல சமயம் சரியாகச் சொல்லிவிடுவார்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் அருள் வந்து ஆடுகிறவர் கொட்டுச் சத்தத்துக்கு ஆடுவார், கேட்டால் பதில் சொல்வார், திருநீறு பூசினால் மலையேறுவார். பெருவலிப்பு கண்டவர் கூப்பிட்டால் கேட்கமாட்டார். நாக்கைக் கடித்துக்கொள்வார், அறியாமல் சிறுநீர் போகும், தெளிந்த பிறகு நடந்தது எதுவும் நினைவிருக்காது. மாத்திரை சாப்பிட்டால் சாமி போய்விடும் என்ற பயம் சில குடும்பங்களில் இருக்கிறது. அருள் வந்து ஆடுவதற்கு வலிப்பு மாத்திரை எழுதித்தர எந்த மருத்துவருக்கும் காரணம் இல்லை.

ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில், ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் ஒரு நூல் இதே வழக்கைப் பேசியது. வலிப்பைப் 'புனித நோய்' என்று அங்கே அழைத்தார்கள். மற்ற நோய்களைவிட இது தெய்வத்தன்மை கூடியதல்ல, இதன் இருப்பிடம் மூளை என்று அந்த நூல் வாதிட்டது. கவனிக்க வேண்டியது, அதை எழுதியவர் தெய்வத்தை மறுக்கவில்லை. எல்லா நோயும் தெய்வீகமானவை, எல்லா நோயும் இயற்கையானவை என்பதே அவர் வாதம். இந்த ஒரு நோயை மட்டும் பிரித்தெடுத்துத் தெய்வத்தின் தலையில் கட்டுவதைத்தான் எதிர்த்தார்.

மருந்தையும் வழிபாட்டையும் மோதவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தர்கா ஊரான ஏர்வாடி காட்டிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் விட்டுச்சென்றவர்கள் அவர்கள். மனநோயும் வலிப்பும் வேறு வேறு. ஆனால் இரண்டையும் 'பிடித்திருக்கிறது' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது ஊர். தர்காவில் துவாவும் பக்கத்திலேயே மருந்தும் என்ற திட்டம் பிற்பாடு அங்கு வந்தது. தொழுதுவிட்டு வருகிறவர் மனநல மருத்துவரையும் பார்க்கலாம் என்ற அந்த ஏற்பாடு மிக நல்ல யோசனை. எல்லா மதத்தின் வாசலிலும் அது நடக்க வேண்டும்.

வாசலில் இருப்பவர்கள் மருத்துவருக்குச் செய்யக்கூடிய உதவி பெரிது. மாசி சிவராத்திரிக்கு மூங்கிலணையில் கூட்டம் அலைமோதும், பலர் இரவெல்லாம் கண்விழிப்பார்கள். தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும் காரணங்களில் முக்கியமானது. கார்த்திகையில் மாலை போட்டுக் குமுளி வழியாகச் சபரிமலைக்கு நடக்கிறவர்களுக்கும் தூக்கம் கெடும், வேளை தவறும், மாத்திரை மறக்கும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நோன்பு நோற்கும் இஸ்லாமியருக்குக் குர்ஆனே நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறது. நோற்க விரும்புகிறவர் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் வேளையை மாற்றித் தரக் கேட்கலாம். பூக்குழி இறங்குவதாகவோ தீச்சட்டி எடுப்பதாகவோ நேர்ந்துகொண்டவருக்கு வேறு நேர்ச்சை சொல்லி மாற்றிவிடப் பூசாரியால் முடியும். மாற்கு நற்செய்தியில் வரும் தகப்பனும், தன் மகன் தீயிலும் தண்ணீரிலும் விழுவதைச் சொல்லித்தான் இயேசுவிடம் கெஞ்சுகிறான். அடுப்பும் கிணறும் இன்றும் அதே ஆபத்துதான்.

கல்யாணம் என்று வந்தால் மாத்திரை ஒளிந்துகொள்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், திரும்பத் திரும்ப வரும் வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்து, திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1999-இல் திருத்தம் வந்து அந்தச் சொல் நீங்கியது. சட்டம் மாறினாலும் வீடுகள் மாறவில்லை. புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து விழுங்குகிற பெண் வேளை தவறுவாள். கர்ப்பமாவதற்கு முன் டாக்டரைப் பார்க்கவும் தயங்குவாள். சோடியம் வால்ப்ரோயேட் கருவின் முதுகுத்தண்டையும் மூளையையும் பாதிக்கக்கூடியது. வேறு மருந்துக்கு மாற்றுவதும் ஃபோலிக் அமிலம் தருவதும் கருத்தரிக்கும் முன்பே முடிவாக வேண்டியவை. இந்த இரகசியத்தால் பிள்ளைக்கு வரும் கேட்டை எந்தத் தெய்வத்தின் கணக்கிலும் எழுத முடியாது.

உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்போடு வாழ்வதாகவும், ஒழுங்கான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம்வரை ஃபிட்ஸ் இல்லாமல் வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரையும் முழுசாகப் பிடிபடுவதில்லை. சிலருக்கு அறுவை சிகிச்சை உதவும். மலை தாண்டித் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அது பல ஆண்டுகளாக நடக்கிறது. எல்லாம் செய்தும் நிற்காதவர்களும் உண்டு. வேண்டுதலும் மருந்தும் இரண்டுமே எட்டாத இவர்களைப் பற்றி ஒரு நபிமொழி இருக்கிறது. வலிப்பு கண்ட ஒரு பெண் நபிகளிடம் வந்து தனக்காக இறைவனிடம் வேண்டச் சொன்னாள். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம், விரும்பினால் குணமாக வேண்டுகிறேன் என்று அவர் தெரிவைக் கொடுத்தார். பொறுத்துக்கொள்வதாகச் சொன்ன அவள் ஒன்றை மட்டும் கேட்டாள்: விழும்போது என் உடை விலகாமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள். அவரும் அதற்காக வேண்டினார்.

அவள் கேட்டதைக் கூட்டத்தில் நிற்கிற யாரும் செய்யலாம். விழுந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், கை காலை அமுக்க வேண்டாம். துணியைச் சரிசெய்து மூடி, தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியுமுன் மறுபடி இழுத்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.