எந்தக் கோயிலுக்குப் போவது?

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் மகன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தான். அவன் கத்தோலிக்கன். பெண் பாளையங்கோட்டையில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் எந்தக் கோயிலுக்குப் போறதா உத்தேசம்?" என்று கேட்டேன்.

"இது என்ன மாமா பெரிய விஷயம்? ரெண்டு பேருக்கும் ஒரே ஆண்டவர்தானே! அவ எங்க கோயிலுக்கு வந்துடுவா" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நல்ல பிள்ளை. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷங்களுக்கு முன்பு இதே வார்த்தையை இதே சிரிப்போடு சொன்னவன் நான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். சிலுவை ஒன்று, கிறிஸ்து ஒருவர்; அப்புறம் என்ன பேதம்? பேதம் நாக்கிலேயே தொடங்குகிறது. நாங்கள் 'செபம்' என்போம். அவர்கள் 'ஜெபம்' என்பார்கள். எங்களுக்குப் பூசை, அவர்களுக்கு ஆராதனை. எங்களுக்குச் சாமியார், அவர்களுக்கு ஐயர். பத்துக் கட்டளைகளை எண்ணுவதில்கூட வித்தியாசம் உண்டு: களவு கூடாது என்பது எங்களுக்கு ஏழாவது கட்டளை, அவர்களுக்கு எட்டாவது. அற்ப விஷயங்கள்தாம். ஆனால் தாயின் மடியில் கற்றுக்கொண்ட எதுவும் மனிதனுக்கு அற்பமாகிவிடுவதில்லை.

என் மனைவியும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் ஓர் இரவு, கர்த்தர் கற்பித்த செபத்தை இருவரும் சேர்ந்து சொன்னோம். தீமையிலிருந்து காக்கும்படி வேண்டும் இடத்தில் நான் 'ஆமென்' என்று முடித்துவிட்டேன். அவள் முடிக்கவில்லை. ராஜ்யத்தையும் வல்லமையையும் மகிமையையும் ஆண்டவருக்கே உரித்தாக்கும் இன்னொரு வாக்கியம் அவர்கள் வழக்கத்தில் உண்டு. அதைத் தொடங்கியவள், என் மௌனத்தைக் கண்டு பாதியில் நிறுத்திக்கொண்டாள். மறுநாள் முதல் நான் நிறுத்திய இடத்திலேயே அவளும் நிறுத்தினாள். எவ்வளவு அநுசரணையான பெண் என்று மகிழ்ந்துபோனேன்.

பன்னிரண்டு வருஷங்கள் கழித்து என் மாமியார் காலமானார். அடக்க ஆராதனையில் அந்த ஜெபம் வந்தது. கடைசி வாக்கியத்தை என் மனைவி எல்லோருக்கும் மேலாகக் குரலெடுத்து, அழுதுகொண்டே சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருஷங்களாக ஒவ்வோர் இரவும் அந்த வாக்கியத்தை அவள் விழுங்கியிருக்கிறாள்.

வீடு திரும்பியதும், "உன் கோயிலுக்குப் போகணும்னு உனக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

அன்று முதல் ஒன்றைக் கவனித்து வருகிறேன். 'எங்கே போனால் என்ன, எல்லாம் ஒன்றுதான்' என்பவர், பெரும்பாலும் இருந்த இடத்தைவிட்டு அசைய வேண்டாதவர். எல்லாம் ஒன்றுதான் என்றால் நாமே அங்கே போகலாமே? அதற்கு மட்டும் நமக்கு ஆயிரம் காரணங்கள் கிடைக்கின்றன.

சபைகளே ஒன்றுகூட எவ்வளவு காலம் பிடித்தது! 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை ஜார்ஜ் கதீட்ரலில்தான் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. இருபத்தெட்டு வருஷங்கள்! அப்போதும், மனச்சாட்சி ஒப்பாத வழிபாட்டு முறை எந்தச் சபையின்மேலும் திணிக்கப்படாது என்று வாக்குக் கொடுத்தே இணைந்தார்கள். பேராயர்களும் அறிஞர்களும் இருபத்தெட்டு வருஷம் கேட்டுக் கேட்டுச் செய்ததை, ஓர் இளம் பெண் ஒரே முகூர்த்தத்தில் செய்து முடிக்க வேண்டும் என்கிறோம்.

"குடும்பம் என்றால் ஒரு கோயில் வேண்டாமா? பிள்ளைகள் குழம்பிப் போகமாட்டார்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒருவர் மற்றவர் சபைக்கு முழுமனத்தோடு போய்விடுவதும் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. கேட்டு, யோசித்து, மனமுவந்து கொடுத்தால் அது காணிக்கை. கேட்காமலே வழக்கம் என்று எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. ஏழாவது என்று எண்ணினாலும் எட்டாவது என்று எண்ணினாலும் கட்டளை ஒன்றுதானே!

ரோமைச் சபையின் 1917-ஆம் வருஷச் சட்டம், பிள்ளைகளைக் கத்தோலிக்கராகவே வளர்ப்பதாக இருவரிடமும் உறுதி கேட்டது. 1970-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் அதை மாற்றினார். இப்போது கத்தோலிக்கர் மட்டும், தம்மால் இயன்றதையெல்லாம் செய்வதாக வாக்களிக்கிறார். அந்த வாக்குறுதியை மற்றவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பையனிடம் இதைத்தான் சொன்னேன்: "நீ என்ன வாக்குக் கொடுக்கிறாய் என்பதைத் தாலி கட்டுவதற்கு முன்பே அவளிடம் சொல். அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேள். பதில் சொல்ல அவகாசம் கொடு."

இப்போது நாங்கள் ஒரு ஞாயிறு பூசைக்கும் மறு ஞாயிறு ஊசிக் கோபுரத்து ஆராதனைக்கும் போகிறோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். எங்கள் பூசையில் நான் நன்மை வாங்க எழுந்து போகும்போது அவள் பெஞ்சிலேயே இருக்கிறாள். அவள் கோயிலில் திருவிருந்துக்கு அவள் போக, நான் பெஞ்சில் இருக்கிறேன். என் சபையின் சட்டம் அப்படி. அந்தச் சில நிமிஷங்கள் இன்றும் வலிக்கத்தான் செய்கின்றன. முன்பு அந்த வலி அவள் ஒருத்திக்கு இருந்தது. இப்போது இருவருக்கும் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு அதுவே நியாயம் என்று நினைக்கிறேன்.

இரவு ஜெபத்தில் என் இடம் வந்ததும் நான் நிறுத்திக்கொள்கிறேன். அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருக்கிறேன். பிறகு இருவரும் சேர்ந்து 'ஆமென்' சொல்கிறோம்.